லேப்டாப்பில் ஓடுகிறது, கிளவுடில் படுத்துவிடுகிறது! – வாசகர் கேள்வி பதில்

ஜாவா ஆப்பை கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில், ஏற்றுவதில் இருக்கும் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டது என் தப்பு, மெயில் குவிந்துவிட்டது. பாதிப் பேர் ஆபீஸ் விஷயத்தை எழுதியிருப்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்கள், அதனால் எல்லாருக்குமே ஊர் மட்டும். ஒரே சந்தேகத்தைப் பல பேர் கேட்டிருந்தால், அதில் யாருடைய கடிதம் சுவாரசியமாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் பண்ணியிருக்கிறோம். என் லேப்டாப்பில் அழகாக ஓடுகிறது. ஹீரோகு என்ற கிளவுட் பிளாட்ஃபார்மில் ஏற்றினால் பில்ட் வெற்றி என்கிறது, ஒரு நிமிடம் போனதும் ஆர்10 பூட் டைம்அவுட் என்று சொல்லி ஆப்பை நிறுத்திவிடுகிறது. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அடுத்த வாரம் வைவா. (கல்லூரி மாணவர், திருச்செங்கோடு)

முதலில் தூங்குங்கள் தம்பி, இது பத்து நிமிட வேலை.

உங்கள் லேப்டாப் சொந்த வீடு, வாசலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கிளவுட் பிளாட்ஃபார்ம் லாட்ஜ் மாதிரி, ரூம் நம்பரை ரிசப்ஷனில்தான் கொடுப்பார்கள். ஹீரோகு உங்கள் ஆப்பைக் கிளப்பும்போது ‘போர்ட்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது வெளியிலிருந்து ஆப்புக்குச் சொல்லும் ஒரு அமைப்பில், ஒரு எண்ணை வைத்துக் கொடுக்கிறது, அது ஒவ்வொரு தடவையும் மாறும், 60 நொடிக்குள் ஆப் அந்த எண்ணில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். எனக்கு 8080 தான் ராசி என்று நீங்கள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால், ரிசப்ஷன்காரர் தான் கொடுத்த ரூமைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆளே வரவில்லை என்று முடிவு பண்ணிவிடுவார். ஆர்10 என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்பிரிங் பூட் ஆப் என்று தெரிந்தால் ஹீரோகுவே அந்த எண்ணை சர்வர் போர்ட்டாகக் கொடுத்து, ஆப்பைக் கட்டிய ஜார் கோப்பை ஓட்டிவிடும், நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. நீங்களாக ஒரு ப்ராக்ஃபைல், அதாவது ஆப்பை எப்படிக் கிளப்புவது என்று சொல்லும் கோப்பு, எழுதி வைத்தால் மட்டும் அது ஒதுங்கிக்கொள்ளும், அப்புறம் எழுதியவர் பாடு. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து ‘வெப்’ என்று ஆரம்பித்து வெறும் ஜாவா கட்டளையும் ஜார் பெயரும் மட்டும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். ப்ராக்ஃபைல் கட்டாயம் வேண்டும் என்றால், ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் சர்வர் போர்ட் வரியில் 8080 என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஒரு டாலர் குறி, நெளிவு அடைப்பு, உள்ளே பெரிய எழுத்தில் போர்ட், ஒரு முக்காற்புள்ளி, 8080, அடைப்பை மூடுங்கள். பிளாட்ஃபார்ம் எண் கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளும், வீட்டில் யாரும் கொடுக்காததால் 8080க்குப் போகும்.

ஆனால் ஆர்10 வந்தாலே போர்ட்தான் காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆப் எழுதும் பதிவான லாக்கில், டாம்கேட் (ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் வெப் சர்வர்) இந்த போர்ட்டில் தொடங்கியது என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்து, அதில் 8080 என்று இருந்தால் மேலே சொன்ன கதை. அந்த வரியே வராமல் 60 நொடி முடிந்திருந்தால் ஆப் எழுந்திருக்கவே நேரம் போதவில்லை, பெரும்பாலும் எட்டாத ஒரு டேட்டாபேஸ் முகவரியைத் தட்டிக்கொண்டு நிற்கும், உங்கள் லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின் என்று அர்த்தம்) முகவரி அப்படியே உள்ளே இருக்கும். எண் சரியாக இருந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை என்றால் சர்வர் அட்ரஸ் லோக்கல்ஹோஸ்ட் என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள், அதாவது ரூம் சரி, கதவை உள்பக்கம் தாழ் போட்டாயிற்று.

இன்னொன்று, இந்த எண் விவகாரம் இடத்துக்கு இடம் மாறும். கூகுள் கிளவுட் ரன்னிலும் இதே வேரியபிள்தான், ஆனால் அது வழக்கமாகக் கொடுக்கும் எண்ணே 8080 என்பதால் தப்பாக எழுதியவர்களும் அங்கே பிழைத்துக்கொள்கிறார்கள். அமேசானின் எலாஸ்டிக் பீன்ஸ்டாக்கில் ஜாவா எஸ்இ என்று தேர்ந்தெடுத்தால் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 5000 என்ற எண்ணைத் தேடும், நீங்கள் 8080ல் இருந்தால் பார்ப்பவருக்கு 502 பேட் கேட்வே. ஒரு இடத்தில் கற்றுக்கொண்டதை இன்னொரு இடத்தில் அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.

கன்டெய்னருக்கு (ஆப்பை அடைத்து ஓட்டும் பெட்டி) 512 எம்பி மெமரி கொடுத்திருக்கிறோம். ஜாவாவுக்கும் அதே 512 எம்பியை எக்ஸ்எம்எக்ஸ் மூலம் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்த எர்ரரும் இல்லாமல் செத்துப் போகிறது, 137 என்று ஒரு எண் மட்டும் மிஞ்சுகிறது. மெமரி லீக் என்று சீனியர் சொல்கிறார், மூன்று வாரமாக லீக்கைத் தேடுகிறேன். (கோயம்புத்தூர்)

லீக் இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கு முன்னாலேயே கணக்கு தவறியிருக்கிறது. எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஹீப்புக்கு, அதாவது ஆப் உருவாக்கும் பொருட்கள் தங்கும் மெமரிக்கு, மட்டும்தான். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் அதற்கு வெளியேயும் நிறையச் சாப்பிடும்: கிளாஸ் விவரங்களுக்கு மெட்டாஸ்பேஸ், ஜேஐடி மொழிபெயர்த்த கோடை வைக்க ஒரு இடம், ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு ஸ்டாக், குப்பை அள்ளுகிறவனுக்கே கொஞ்சம் இடம், நெட்வொர்க் பஃபர்கள். ஸ்பிரிங்கும் ஹைபர்னேட்டும் சேர்ந்த ஒரு சாதாரண ஆப்பில் மெட்டாஸ்பேஸ் மட்டுமே 100 எம்பியைச் சுற்றி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 512 எம்பி வீட்டில் ஹீப்பே 512 எம்பி கேட்டால் மற்றவர்கள் எல்லாம் தெருவில்தான்.

இப்போது அந்த 137. அது 128ஐயும் 9ஐயும் கூட்டியது, 9 என்பது லினக்ஸில் கொல் என்ற சிக்னல். அதாவது வெளியிலிருந்து கெர்னல் வந்து கழுத்தைப் பிடித்திருக்கிறது, ஜேவிஎம்முக்கு ஒரு வார்த்தை பேசக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதனால்தான் லாக்கில் ஒன்றுமில்லை. ஹீப் நிரம்பிச் செத்திருந்தால் ஜேவிஎம்மே அவுட்ஆஃப்மெமரி எர்ரர் என்று ஊரைக் கூட்டியிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை உங்கள் சீனியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். சத்தம் போட்டுச் செத்தால் ஹீப்பைப் பாருங்கள், சத்தமில்லாமல் செத்தால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். ஹீரோகுவில் இது கொஞ்சம் வேறு மாதிரி, அளவு தாண்டியதும் ஆர்14 என்று எச்சரித்து ஸ்வாப்பில், அதாவது டிஸ்கில், தள்ளுவதால் ஆப் ஆமை வேகத்தில் நகரும், ரொம்பவும் தாண்டினால் ஆர்15, அப்போதுதான் கொல்லும்.

சரி, எவ்வளவு கொடுப்பது? ஹீரோகுவே 512 எம்பி டைனோவுக்கு (அவர்களின் கன்டெய்னருக்கு அந்தப் பெயர்) 300 எம்பி ஹீப் என்றுதான் வைக்கிறது, அது நல்ல கணக்கு. எண்ணாக எழுதப் பிடிக்காவிட்டால் மேக்ஸ்ராம்பர்சன்டேஜ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 60 என்று போட்டுப் பாருங்கள். ஒன்றுமே போடாவிட்டால் ஜாவா கால் பங்கைத்தான் எடுக்கும், 512ல் 128 எம்பி, அதுவும் போதாது. பழைய ஜாவா 8 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், 8ல் 191வது அப்டேட்டுக்கு முந்தையது என்றால் அதற்குக் கன்டெய்னர் என்ற ஒன்றே தெரியாது. அடியில் இருக்கும் 64 ஜிபி மெஷினைப் பார்த்துக் கால் பங்கு 16 ஜிபி நமக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும், நீங்கள் கொடுத்தது அரை ஜிபி. கன்டெய்னர் எல்லையைப் பார்க்கும் புத்தி 2018ல் ஜாவா 10ல் வந்து, பிறகுதான் 8க்கும் கொண்டுவரப்பட்டது.

திரெட் கணக்கையும் குறையுங்கள். டாம்கேட் அதிகபட்சம் 200 வரை போகும், அரை ஜிபி பெட்டியில் 200 பேரை நிற்க வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? 30, 40 என்று வையுங்கள். ஸ்பிரிங் பூட்டின் பில்ட்-இமேஜ் கட்டளையில் கன்டெய்னர் இமேஜ் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதற்குப் பின்னால் இருக்கும் பகெட்டோ என்ற கருவி 250 திரெட் என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு எம்பி, கோடு கேஷுக்கு 240 எம்பி என்று முன்கூட்டியே கூட்டிப் பார்க்கும். கூட்டினால் 490, மெட்டாஸ்பேஸும் சேர்ந்தால் 512ல் ஹீப்புக்கு ஒன்றும் மிஞ்சாது, ஆப்பைக் கிளப்பவே மறுத்துவிடும். திரெட் எண்ணைக் குறைத்தால் வழிவிடும்.

வாடிக்கையாளர் ஏற்றுகிற போட்டோக்கள் மறுநாள் காணாமல் போகின்றன. யாராவது ஹேக் செய்கிறார்களா? (சிவகாசி)

ஹேக் எல்லாம் இல்லை. லாட்ஜில் ஒவ்வொரு ஆள் காலி செய்ததும் ரூமைத் துடைத்துவிடுவார்கள் அல்லவா, அதுதான். ஹீரோகு டைனோக்கள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக மறுபடி கிளம்பும், புதிதாக டெப்லாய் செய்தாலும் கிளம்பும், அப்போது டிஸ்கில் எழுதியது எல்லாம் போய்விடும். கிளவுட் ரன்னில் இன்னும் மோசம், நீங்கள் டிஸ்க் என்று நினைத்து எழுதுவதே மெமரிதான், போட்டோ ஏற ஏற மேலே கோவைக்காரருக்கு வந்த வியாதி உங்களுக்கும் வரும். போட்டோவை அமேசானின் எஸ்3, கூகுளின் கிளவுட் ஸ்டோரேஜ் மாதிரி கோப்புக் கிடங்கில் வைத்துவிட்டு டேட்டாபேஸில் அதன் பெயரை மட்டும் வையுங்கள். எச்2 டேட்டாபேஸைக் கோப்பாக வைத்து உண்மையான வியாபாரத்தை ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எங்கட வாசிகசாலைக்கு ஒரு ஆப் செய்தோம், உறுப்பினர் பெயர், ரசீது எல்லாம் தமிழில். என் உபுண்டு லேப்டாப்பில் சரியாக வருகுது. கன்டெய்னரில் போட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி. கேள்விக்குறியை ஒருமாதிரிச் சரியாக்கினால் பிடிஎஃப் ரசீதில் பெட்டி பெட்டியாக வருகுது. ஜாவா 11. (யாழ்ப்பாணம்)

இந்த மாதம் வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இது, ஏனென்றால் ஆங்கிலத்திலேயே ஆப் செய்கிறவர்களுக்கு இது ஆயுசுக்கும் வராது, அதனால் அவர்கள் எழுதும் வழிகாட்டிகளிலும் இருக்காது.

ஜாவா 17 வரைக்கும், எந்த என்கோடிங் (எழுத்தை எண்ணாக்கும் முறை) என்று கோடில் சொல்லாமல் கோப்பைப் படித்தாலோ எழுதினாலோ, ஜாவா அது ஓடும் மெஷினின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். உங்கள் உபுண்டுவில் அது தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8, அதனால் பிரச்சினையே தெரியவில்லை. சின்னதாகக் கட்டிய கன்டெய்னர் இமேஜ்களில் மொழி அமைப்பே இருக்காது, அப்போது வெறும் ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும், ஆஸ்கியில் ‘அ’ கிடையாது, கேள்விக்குறிதான் உண்டு. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18ல் இதை மாற்றி எங்கேயும் யூடிஎஃப்-8 தான் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் 21க்குப் போனாலே பாதித் தலைவலி போய்விடும். பாதிதான். கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் அதற்கு இன்னமும் மெஷினின் மொழி அமைப்பைத்தான் பார்க்கும், ‘ரசீது’ என்று பெயர் வைத்த கோப்பைத் திறக்கும்போது இன்வேலிட் பாத் என்று ஒரு எக்ஸெப்ஷன் வந்து விழும். அதனால் ஜாவா எதுவாக இருந்தாலும் கன்டெய்னரில் லாங் என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு சி.யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிடுங்கள். 11லேயே இருப்பதாக இருந்தால் ஃபைல் என்கோடிங் அமைப்பையும் சேர்த்து.

முக்கியமான ஒன்று: லாக்கில் மட்டும் கேள்விக்குறி என்றால் அது பார்வைக் கோளாறு, சரி செய்துவிடலாம். டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறியாகப் போய் உட்கார்ந்துவிட்டால் திரும்ப வராது, எத்தனை எழுத்து இருந்தது என்பது மட்டும்தான் மிஞ்சும். அந்த நாட்களில் சேர்ந்த உறுப்பினர்களின் பெயரைத் திரும்பக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

பெட்டிகள் வேறு வியாதி. எழுத்து சரியாக வந்துவிட்டது, எழுதிக் காட்ட ஃபான்ட் இல்லை. சர்வர் இமேஜில் தமிழ் ஃபான்ட் என்ன, பல நேரம் எந்த ஃபான்ட்டுமே இருக்காது, ஃபான்ட்கான்ஃபிக் என்ற பொதியும் சேர்ந்து இல்லாவிட்டால் பெட்டிகூட வராது, நல் பாயின்டர் எக்ஸெப்ஷனோடு முடிந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு இலவச ஃபான்ட்டை ஜாருக்குள்ளேயே வைத்து பிடிஎஃபில் பதித்துவிடுங்கள், இமேஜை நம்ப வேண்டாம். பதித்த பிறகு முதல் வேலையாக ‘கொடுப்பனவு’ என்று ஒரு சொல்லை அச்சடித்துப் பாருங்கள். சில பிடிஎஃப் லைப்ரரிகளுக்குக் கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்தத் தெரியாது, முதலில் ‘க’, அப்புறம் கொம்பு, அப்புறம் கால் என்று வரிசையாக அடுக்கி வைக்கும். உங்களுடையது அப்படி என்றால் எச்டிஎம்எல்லாக எழுதி, திரை இல்லாமல் ஓடும் தலையில்லா குரோம் வழியாக பிடிஎஃப் ஆக்குவதுதான் குறைந்த வலி. என்ன, குரோமுக்கு மெமரி கூடுதலாக வேண்டும்.

காலை 9 மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் எஸ்எம்எஸ் மதியம் இரண்டரைக்குப் போகிறது. அதுவும் ஒவ்வொருவருக்கும் இரண்டு இரண்டு. (தஞ்சாவூர்)

கிளவுடின் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், அங்கே 9 என்றால் இங்கே 2.30. கோடில் நேரத்தைச் சொல்லும் ஸ்கெட்யூல்டு குறிப்பிலேயே ஸோன் என்று ஒரு இடம் இருக்கிறது, ஏஷியா/கொல்கத்தா என்று கொடுங்கள். இரண்டு எஸ்எம்எஸ் போவதற்குக் காரணம் உங்கள் ஆப் இரண்டு பிரதியாக ஓடுகிறது, இரண்டுக்கும் 9 மணி அடிக்கிறது. ஷெட்லாக் மாதிரி ஒரு லைப்ரரியை வைத்து ஒரு பிரதி மட்டும் செய்யும்படி பூட்டலாம், அல்லது இந்த வேலையை ஆப்பிலிருந்தே எடுத்துவிட்டு பிளாட்ஃபார்மின் ஷெட்யூலரிடம் கொடுக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், நாளைக்கு நீங்கள் கிளவுட் ரன்னுக்குப் போனால் அங்கே ஆள் வந்து கேட்காத நேரத்தில் வழக்கமான அமைப்பில் சிபியு கிடைக்காது, அப்போது இரண்டு எஸ்எம்எஸ் என்ன, ஒன்றுகூடப் போகாது.

ஐயா, நான் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர். பல ஆண்டுகளுக்கு முன் சர்வ்லெட், ஜேஎஸ்பி என்ற ஜாவா வெப் முறைகளில் எழுதிய மாணவர் வருகைப்பதிவு மென்பொருள் இன்னும் நன்றாக இயங்குகிறது. அதைக் கட்டிய வார் கோப்பை கிளவுடில் புதிய டாம்கேட்டில் ஏற்றினேன். பிழை எதுவும் இல்லை, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404. (விருதுநகர்)

உங்கள் மென்பொருளில் ஒரு தப்பும் இல்லை ஐயா, ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆரக்கிள் நிறுவனம் 2017ல் ஜாவா ஈஈயை (சர்வ்லெட் எல்லாம் அடங்கிய தொகுப்பு) எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுக்க முடிவு செய்தது, ஆனால் ‘ஜாவாக்ஸ்’ என்று ஆரம்பிக்கும் பெயர்களை மேற்கொண்டு வளர்த்துக்கொள்ளும் உரிமை சேர்ந்து வரவில்லை. அதனால் 2020 கடைசியில் ஜகார்த்தா ஈஈ 9ல் எல்லாப் பெயரும் ‘ஜகார்த்தா’ என்று மாறியது. டாம்கேட் 9 பழைய பெயரைத் தேடும், 10ம் அதற்குப் பிறகு வந்ததும் புதிய பெயரைத் தேடும். நீங்கள் ஏற்றும்போது புதியதாக இருக்கட்டும் என்று 10ஐயோ அதற்கு மேலோ தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அது உங்கள் சர்வ்லெட்டுகளைப் பார்த்து இவை சர்வ்லெட்டே இல்லை என்று சும்மா இருந்துவிட்டது, அதுதான் அந்தச் சத்தமில்லாத 404.

இன்றைக்கே ஓட வேண்டும் என்றால் பிளாட்ஃபார்மில் டாம்கேட் 9 என்று மாற்றுங்கள், பீன்ஸ்டாக்கிலும் அஷூர் ஆப் சர்வீஸிலும் பதிப்பைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. நிதானமாகச் செய்யலாம் என்றால் டாம்கேட் குழுவே ஒரு மாற்றுக் கருவி வைத்திருக்கிறது, வார் கோப்பைக் கொடுத்தால் பெயர்களை மாற்றிப் புது வார் கோப்பு கொடுக்கும், சோர்ஸ் கோடு தொலைந்து போனவர்களுக்குக்கூட உதவும். தொலைந்து போயிருக்காது என்று நம்புகிறேன்.

ஆப்பைக் கட்டும் கருவியான மேவனின் ராப்பர் கோப்புக்கு பர்மிஷன் டினைடு என்று பில்டிலேயே நின்றுவிடுகிறது. (சேலம்)

நீங்கள் விண்டோஸ். அங்கே ஒரு கோப்பை ஓட்டலாமா கூடாதா என்ற குறியே கிடையாது, லினக்ஸில் உண்டு, கோடைச் சேர்த்து வைக்கும் கிட் என்ற கருவியில் அந்தக் குறி இல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறது. கிட்டின் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையில் சிஎச்மாட், பிளஸ் எக்ஸ் என்று கொடுத்து அந்தக் கோப்பை கமிட் செய்யுங்கள். அதற்கப்புறமும் கோப்பு இல்லை என்று சொன்னால் வரி முடிவுக் குறி விண்டோஸ் பாணியில் இருக்கிறது, அதையும் லினக்ஸ் பாணிக்கு மாற்ற வேண்டும்.

முதல் தடவை யாராவது சைட்டைத் திறந்தால் 20 நொடி சுற்றுகிறது. அப்புறம் பறக்கிறது. கஸ்டமர் அந்த முதல் தடவையை மட்டும்தான் பார்க்கிறார்! (சென்னை)

கஸ்டமர்கள் எல்லாரும் அப்படித்தான். ஆள் வராத நேரத்தில் கிளவுட் ரன் உங்கள் ஆப்பைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுகிறது, அதனால்தான் பில் குறைகிறது. ஆள் வந்ததும் ஜேவிஎம் எழுந்து, ஆயிரக்கணக்கான கிளாஸ்களை ஏற்றி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோர்த்து முடிக்க வேண்டும், அதுவும் அரை சிபியு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு. குறைந்தபட்சம் ஒரு பிரதி எப்போதும் விழித்திருக்கட்டும் என்று மினிமம் இன்ஸ்டன்ஸ் என்ற எண்ணை 1 ஆக்குவதுதான் சுலபம், காசு ஆகும், ஆனால் டெமோவுக்கு முந்தின நாள் வைத்து மறுநாள் எடுத்துவிடலாமே. தொடக்கத்தில் மட்டும் கூடுதல் சிபியு கொடுக்கும் வசதியும் இருக்கிறது, அதைத் திறந்து வையுங்கள். ரீஜனையும் பாருங்கள், பழக்கத்தில் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தால் மும்பைக்கோ டெல்லிக்கோ மாற்றுங்கள், அந்த 20 நொடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் பிறகு வரும் ஒவ்வொரு கிளிக்கிலும் தெரியும்.

கிரால்விஎம் என்ற கருவியில் நேட்டிவ் இமேஜ் பண்ணினால், அதாவது ஆப்பை முன்கூட்டியே மெஷின் மொழிக்கு மாற்றிவிட்டால், ஒரு நொடிக்குள் எழுந்துவிடுமாமே என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். எழும், உண்மைதான், ஸ்பிரிங் பூட் 3லிருந்து அதற்கு முறையான ஆதரவும் உண்டு. ஆனால் பில்ட் நேரத்திலேயே எல்லா கிளாஸும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை, ஓடும்போதே கிளாஸைத் தேடிப் பிடிக்கும் ரிஃப்ளெக்‌ஷனை இஷ்டத்துக்குப் பயன்படுத்தும் பழைய லைப்ரரி ஒன்று உள்ளே இருந்தால் போதும், ஓடும்போது எதிர்பாராத இடத்தில் உடையும். புது ஆப் என்றால் முயன்று பாருங்கள். பத்து வருட ஆப்பில் கஸ்டமர் டெமோவுக்கு முதல் நாள் முயல வேண்டாம்.

இலவசமாக எங்கே ஏற்றலாம்? ஹீரோகு ஃப்ரீ என்று எங்கள் சார் சொன்னார், இப்போது காசு கேட்கிறது. (மதுரை, இன்னும் ஏழு ஊர்கள்)

உங்கள் சார் படித்த காலத்தில் ஃப்ரீ. 2022 நவம்பர் 28ஆம் தேதியோடு இலவச டைனோக்களை நிறுத்திவிட்டார்கள். கிளவுட் ரன்னில் மாதம் 20 லட்சம் ரிக்வெஸ்ட் வரை இலவசக் கணக்கில் வரும், சிபியு, மெமரிக்கும் தனியாக ஒரு இலவச அளவு உண்டு, ஒரு கல்லூரி ப்ராஜெக்டுக்கு அது தாராளம். மாட்டுவது டேட்டாபேஸில்தான். ஆப் பூஜ்யத்துக்கு இறங்கும், கூகுளின் டேட்டாபேஸ் சேவையான கிளவுட் எஸ்க்யூஎல் இறங்காது, யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் மீட்டர் ஓடும். என் கதையையே சொல்கிறேன், ஒரு டெமோவுக்காக ஒரு கிளவுடில் டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்தேன், டெமோ முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டு நல்ல பிள்ளையாகத் தூங்கப் போய்விட்டேன், டேட்டாபேஸ் நான்கு மாதம் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பட்ஜெட் அலர்ட் வைக்கவில்லையா என்று கேட்டால், வைத்திருந்தேன், அது மெயில் மட்டும்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது, அந்த மெயில் நான் பார்க்காத முகவரிக்குப் போயிருந்தது. அதிகபட்சம் எத்தனை பிரதி என்ற எண்ணை 2, 3 என்று சின்னதாக வைத்துவிடுங்கள், கார்டு வீட்டுப் பெரியவருடையது என்றால் கட்டாயமாக.

அந்தச் சின்ன எண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்பிரிங் பூட் வழக்கமாக ஹிகாரி என்ற லைப்ரரியை வைத்து ஒரு பிரதிக்கு 10 டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹீரோகுவின் ஆகச் சின்ன போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் திட்டத்தில் மொத்தமே 20 கனெக்‌ஷன்தான், இரண்டு பிரதி ஓடினாலே தீர்ந்தது, மூன்றாவது வாசலில் நின்று கத்தும். கூட்டம் வந்ததும் பிரதிகளைப் பெருக்கிவிட்டு, அதற்கப்புறம் ஏன் மெதுவாகிவிட்டது என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்கும் இதுதான் பதில்.

இவ்வளவு தொல்லை எதற்கு சார்? மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ், அதாவது நாமே பார்த்துக்கொள்ளும் வாடகை சர்வர், வாங்கி ஜாரைப் போட்டு ஓட்டினால் வேலை முடிந்தது. (திருநெல்வேலி)

நியாயமான கேள்வி, ஒரே ஆப், கொஞ்சம் பேர் பயன்படுத்துகிறார்கள், லினக்ஸ் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்றால் நானும் அதையே செய்வேன். சொந்த வீட்டில் குழாய் உடைந்தால் நாம்தான் பிளம்பரைத் தேட வேண்டும், அது தெரிந்து போகிறவர்களுக்குத் தடை இல்லை. ஓஎஸ் பேட்ச், சான்றிதழ் புதுப்பிப்பு, டிஸ்க் நிரம்பி ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன், இதெல்லாம் உங்கள் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்குமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் லாட்ஜ்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாக் எழுதும் லைப்ரரியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது, நாங்கள் மேனேஜ்டு பிளாட்ஃபார்மில் இருக்கிறோம், எங்களுக்கு என்ன என்று கையைக் கட்டி உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பிளாட்ஃபார்ம் ஓஎஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும், சில இடங்களில் ஜாவாவின் ஜேடிகேயையும் புதுப்பிக்கும். லாக்4ஜே இருந்தது உங்கள் ஜாருக்குள்ளே, நீங்கள் கட்டிக்கொண்டு போன பெட்டியில், அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இன்னமும் அந்தக் காலத்து ஜாரை அப்படியே ஏற்றிக்கொண்டிருக்கிறவர்கள், விபிஎஸ் ஆனாலும் சரி ஹீரோகு ஆனாலும் சரி, மேவனில் டிபெண்டன்சி ட்ரீயை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். லாக்4ஜே கோர் பக்கத்தில் 2.14 என்று கண்ணில் பட்டால் எனக்குக் கடிதம் எழுதி அடுத்த இதழ் வரை காத்திருக்காதீர்கள், இப்போதே மாற்றுங்கள்.